தவக்காலத்துக்கு வேலையை விட்ட பேர்ணடெட்

"திருமதி பேர்ணடெட் பற்றிக், பகுதிநேரச் சமையலறை உதவியாளர். வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே நல்ல சமநிலை பேணுபவர். ஓய்வின் அருமை அறிந்தவர்."

ஒக்லண்டின் கிளென் ஈடனில் அவர் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தின் வருடாந்த மதிப்பீடு இப்படிச் சொல்கிறது. எழுதிய மேலாளர் நல்ல மனிதர். பேர்ணடெட் பிற்பகலில் சிரித்த முகத்தோடு வாசலைத் தாண்டுவதை அவர் பார்த்திருக்கிறார். எங்கே போகிறார் என்று விசாரிக்கவில்லை. போவது வீட்டில் இருக்கும் இன்னொரு சமையலறைக்கு. அங்கே அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதில் மடிக்கவேண்டிய துணிதான் உட்கார்ந்திருந்தது.

கணவர் பற்றிக் ஆல்பனியில் ஒரு பெரிய கட்டடத்தின் மின்சாரப் பராமரிப்பாளர். உழைப்பின் மகிமையைப் பற்றி அழகாகப் பேசுவார், அதுவும் சோபாவில் சாய்ந்திருக்கும்போது இன்னும் அழகாக. உழைக்காத நேரத்தில் உழைப்பைப் புகழ்வதும், உழைக்கிறவர்களுக்கு அதைக் கேட்க நேரமில்லாமல் போவதும் எங்கள் குடும்பங்களில் நெடுங்கால ஒப்பந்தம்.

விபூதிப் புதனன்று பாதர் பிரசங்கத்தில் இரண்டு விஷயம் சொன்னார். வீட்டில் அன்போடு செய்கிற வேலையும் செபம்தான் என்பது ஒன்று. தவக்காலத்தில் உங்களுக்கு மிகப் பிடித்ததை விட்டுவிடுங்கள் என்பது மற்றது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்து மோதும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கணக்கெடுப்பு நடந்தது. பற்றிக் ஆட்டிறைச்சியை விட்டார். மகள் ஜனுஷா டிக்டொக்கை விட்டாள். பேர்ணடெட்டுக்கு விடுவதற்கு எதுவும் அகப்படவில்லை.

"உமக்கு என்ன இருக்கு விட? வேலையைத்தான் விடவேணும்," என்று பற்றிக் சிரித்தார்.

பகிடியை வேண்டுதலாக எடுத்துக்கொள்ளக்கூடியவர் பேர்ணடெட். அன்றிரவே மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வீட்டு வேலை தொடமாட்டேன் என்று நேர்ந்துவிட்டார். முதியோர் இல்லத்து வேலை இதில் அடங்காது. "அது சம்பளத்துக்குச் செய்யிறது. செபத்தில சேராது."

மறுநாள் மாலை துணிக்குவியலை நிலத்தில் இறக்கிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, சுகமில்லையோ?" பற்றிக் பயந்துபோனார்.

"நல்ல சுகம். நேர்த்தி வைச்சிருக்கிறன்."

சோறு இல்லை என்பது தெரிந்ததும் பற்றிக் வேதசாத்திரத்தில் இறங்கினார். "இஞ்சேரும், பாதர் வேலை செபம் எண்டு சொன்னவரெல்லோ? தவக்காலத்தில செபத்தை விடுறது பாவமில்லையோ?"

"ஓம், பாவம்தான். இத்தனை வருசமா இந்த வீட்டுச் செபம் முழுக்க நானே சொல்லிப்போட்டன். இனி நீங்கள் செபியுங்கோ."

பற்றிக் செபிக்கத் தொடங்கினார். முதல் நாள் அரிசி வேகவில்லை, இரண்டாம் நாள் பருப்பு வெந்துகொண்டே இருந்தது. பேர்ணடெட் கதிரையில் இருந்தபடி செபமாலை உருட்டினார். மணி விரலில், கண் அடுப்பில். மங்கள வார்த்தைச் செபத்தின் நடுவே, "அடுப்பைக் குறையுங்கோ! மஞ்சள் போட்டனீங்களோ? அகப்பையை அதில வைக்காதைங்கோ!"

ஜனுஷா தலையை நீட்டினாள். "அம்மா, தட்ஸ் சீட்டிங். மனேஜிங் இஸ் வேர்க்."

நியாயம். அன்றிலிருந்து வாயையும் விட்டுவிட்டார். கையை விட்டதைவிட அது கஷ்டமாக இருந்தது. பின்வளவில் பிஜோவாப் பழங்கள் விழுந்து அழுகின, பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒக்லண்ட் வழக்கப்படி மழை கொட்டியது. கொடியில் கிடந்த படுக்கை விரிப்புகள் நனைந்து தொங்கின, அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாவங்களுக்காக அவர் அழுததாக எனக்குத் தெரியாது. அந்த விரிப்புகளுக்காக அழுதார்.

மூன்றாவது வாரமளவில் பற்றிக் உழைப்பின் மகிமையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். நேரமில்லை.

இப்படியே போயிருந்தால் உயிர்ப்பு வந்திருக்கும், எல்லாம் முடிந்திருக்கும். இடையில் பெரிய வெள்ளி இருந்தது. சிலுவைப்பாதை முடிந்ததும் ஏவன்டேலில் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் தமிழ்ச் சனம் முழுவதுக்கும் கஞ்சி. வருடாவருடம் அது பேர்ணடெட்டின் கஞ்சி. அதைக் குடிக்கவே சிலுவைப்பாதைக்கு வருகிறவர்களும் உண்டு. இந்த வருடம் அந்தப் பெரிய கஞ்சிக் கிடாரத்தின் முன்னால் பற்றிக் நின்றார். வேறு யாரையும் கேட்கலாம் என்று மகள் சொன்னதற்கு, "கொம்மா நேர்ந்தது என்ர பகிடியால. நான்தான் காய்ச்சவேணும்," என்றுவிட்டார்.

பச்சையரிசியும் பயறும் கொதித்தன. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் கிளைவ் அண்ணன் வந்து விசாரிக்க, பற்றிக் அவருக்குத் தன் கஷ்டங்களைச் சொல்ல, அகப்பை கொஞ்ச நேரம் சும்மா நின்றது. முதல் வரிசையில் இருந்த பேர்ணடெட்டின் மூக்குக்குத்தான் செய்தி முதலில் போனது.

கிளைவ் அண்ணன் ஓடிவந்தார். "பேர்ணடெட், அடிப்பிடிக்குது! ஒருக்கா வந்து பாருங்கோவன். கடவுள் ஒண்டும் சொல்லமாட்டார்."

"அவர் சொல்லமாட்டார், அண்ணை. அதுதானே கரைச்சல்."

அடியைக் கிண்டாமல் மேல்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் போதும். அது அவருக்குத் தெரியும். பற்றிக்குக்குத் தெரியாது. அவர் அடியோடு சேர்த்து நன்றாகக் கிண்டினார். பேர்ணடெட் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டார்.

கஞ்சி பரிமாறப்பட்டது. முதல் மிடறோடு முகங்கள் சுளித்தன.

"புகை போட்ட கஞ்சி," என்றது பின்வரிசையில் ஒரு குரல். "நல்ல ஒறுத்தல்தான்," என்றது இன்னொன்று. சிலர் கோப்பைகளைக் கதிரைக்குக் கீழே தள்ளினார்கள். பற்றிக் அகப்பையோடு நின்றார். வியர்த்திருந்தது. மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

பேர்ணடெட் எழுந்து போய் அவரிடம் ஒரு கோப்பை வாங்கினார். திரும்பி வந்து எல்லோரும் பார்க்க உட்கார்ந்து மெதுவாகக் குடித்து முடித்தார். மறுபடி போய் இன்னொரு கோப்பை வாங்கி அதையும் குடித்தார். கோப்பையைக் கழுவவில்லை.