எல்லாவற்றுக்கும் ‘ம்’

நான். என் மனைவி. அவள் தம்பி, துறைமுகத்தில் எலக்ட்ரீசியன். என்னோடு சங்கு குளிக்க வரும் கூட்டாளி. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டில் இருந்தது இத்தனை பேர்தான். நடுவில் லேப்டாப்.

லேப்டாப் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. பழசாகித் திணறியதால் அதில் லினக்ஸ் ஏற்றி ஓட வைத்துவிட்டு, குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு அதில் கூப்பிடுவாள். முகம் பெரிதாகத் தெரியும். பேச்சு எனக்கு விளங்காது. முங்கி முங்கி வலது காது போயிற்று. இடது காதில் பாதி இருக்கிறது. அவளிடம் சொன்னதில்லை. உதடு அசைந்து நின்றால் ‘ம்’ என்பேன்.

போன வாரமும் ‘ம்’ என்றேன். லைன் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“அவ என்ன கேட்டா தெரியுமா? ஒடம்பு முடியலையாப்பா, வேலைய விட்டுட்டு வந்துரட்டுமான்னு கேட்டா. நீங்க ‘ம்’ங்கீங்க!”

மனைவி திரும்பக் கூப்பிட்டு அப்படியெல்லாம் இல்லையென்று சொல்லிப் பார்த்தாள். மகள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றாளாம்.

அதற்காகத்தான் கூட்டாளி தன் ஸ்பீக்கரைக் கொண்டுவந்திருந்தார். வயர் இல்லாதது. காதோரம் வைத்துக்கொள்ளலாம். மச்சினன் லேப்டாப்பில் புளூடூத்தைத் திறந்தான். ஸ்பீக்கர் பெயர் வரவில்லை.

“பொத்தான அமுக்கிப் பிடிங்க அத்தான். லைட்டு மினுக்கணும்.”

“எவ்வளவு நேரம்லே?”

“நீங்க முங்குத நேரத்துக்குக் கம்மிதான்.”

பிடித்தேன். மினுக்கவில்லை. அப்போது கூட்டாளியின் செல் அடித்தது. சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

“அண்ணாச்சி, ஒங்க செல்லு அத விடமாட்டேங்கு. செல்லுல புளூடூத்த அணைங்க.”

அணைத்தார். திரும்பப் பிடித்தேன். மினுக்கியது. பெயர் வந்தது. மச்சினன் தட்டினான். இணைந்துவிட்டது என்று காட்டியது. ஒரு பாட்டைப் போட்டான். லேப்டாப்தான் முனகியது. ஸ்பீக்கர் ஊமை.

“சோடி சேந்துட்டு, பேச்சுதான் இல்ல,” என்றார் கூட்டாளி. “எங்க வீட்டுக் கதைல்லா.”

“ஒங்க வாய்க்கு அக்கா பேசுனாத்தான் அதிசயம் அண்ணே,” என்றாள் மனைவி.

மச்சினன் சிரிக்கவில்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சவுண்டு செட்டிங்கைத் திறந்தான். சத்தம் எங்கே போகணும் என்ற இடத்தில் இன்னும் லேப்டாப் பெயரே இருந்தது. ஸ்பீக்கருக்கு மாற்றினான். பாட்டு வெடித்தது. மனைவி திடுக்கிட்டாள். நான் ஸ்பீக்கரை எடுத்து இடது தோளில் வைத்தேன்.

மகள் கூப்பிட்டாள்.

“அப்பா.”

கேட்டது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது. சளி பிடித்திருக்கும்.

“ஒடம்பு முடியலையாப்பா?”

“ஒடம்பு நல்லாருக்கு. காதுதான் போச்சு. நீ கேட்டது எனக்குக் கேக்கல. எல்லாத்துக்கும் ‘ம்’ சொல்லிட்டிருந்தேன்.”

முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு கேட்டாள்.

“எத்தன நாளாப்பா?”

“நீ போனதுலருந்து. வேலைய விடாத.”

“ம்,” என்றாள்.

“மொதல்லருந்து சொல்லு. நீ இருக்க எடம், சாப்பாடு, எல்லாம்.”

சொன்னாள். நாற்பத்து மூன்று நிமிடம்.