ஐந்து ஃபிரேம்

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக முன் கவுண்டரில் நின்று பாஸ்போர்ட் அளவுப் படங்களை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். உள்ளறையில் வீடியோ எடிட் செய்தவர் வேலையை விட்டுப் போனதும், காலி நாற்காலியைக் காட்டி வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

“நான் உக்காந்து பாக்கட்டா அண்ணே?”

ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

“பாட்டுக்குச் சரியா படம் விழணும்மா. அது காது வேலை. டான்ஸ் டீச்சரோட ஆண்டு விழா வீடியோ இருக்கு, ஒரு நிமிஷம்தான். சனிக்கிழமை அவங்க சரின்னா நாற்காலி உனக்கு. இல்லைன்னா வெளியாள் ஒருத்தரைப் பேசி வச்சிருக்கேன்.”

முதல் நாள் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு படம் மாற்றினாள். மகள் பார்த்துவிட்டு, “அம்மா, இது டான்ஸா, விக்கலா?” என்றாள். கோபம் வந்தாலும் உண்மை உறைத்தது. மறுநாள் படத்தை எங்கே வெட்டுவது என்று கவலைப்படாமல், ஆடுகிற கால் தரையில் படும் கணத்தைத் தேடிப்பிடித்துத் தாளத்தோடு சேர்த்தாள். கைதட்டலும் குதிப்பும் அப்படியே. பிரிண்டர் போட்ட இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை என்பதால், மகளின் வயர் இல்லாத இயர்போனை மாட்டிக்கொண்டாள். மொத்தம் இருபத்தாறு இடம். நான்காம் நாள், கண்ணை மூடித் திறந்தாலும் எல்லாம் கச்சிதமாக விழுந்தது.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். பெரிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

“என்னங்க இது, எங்க பிள்ளைங்க எல்லாரும் லேட்டா ஆடுறாங்க? மேடையில நல்லாத்தானே ஆடினாங்க!”

ஸ்டுடியோக்காரர் கைபேசியை எடுத்தார். “விடும்மா. அந்த வெளியாளுக்கே ஒரு போன் போட்டுடறேன்.”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். “ஒரு நிமிஷம் அண்ணே.”

முதல் கைதட்டலில் நிறுத்தினாள். திரையின் அடியில் ஓடும் ஒலிக்கோட்டில் மேளம் எழும்பிய இடம் ஒன்று. கைகள் சேர்ந்த இடம் இன்னொன்று. நடுவே ஐந்து ஃபிரேம். விநாடிக்கு இருபத்தைந்து படம் ஓடும் என்பதால், விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த குதிப்பிலும் ஐந்து. பதினோராவதிலும் ஐந்து. கடைசியிலும் அதே ஐந்து. காது பிசகியிருந்தால் ஓரிடத்தில் மூன்று, ஓரிடத்தில் ஏழு என்று தாறுமாறாக அல்லவா இருந்திருக்கும்?

இயர்போனை மாட்டி ஓடவிட்டாள். கச்சிதம். கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பிசகு.

“இந்த இயர்போனுக்குள்ள பாட்டு வந்து சேர லேட்டாகுது அண்ணே. லேட்டா வந்த பாட்டுக்குத்தான் நான் படத்தைப் பொருத்தியிருக்கேன்.”

படங்களைத் தொடவில்லை. பாட்டை மட்டும் ஐந்து ஃபிரேம் தள்ளி வைத்து ஓடவிட்டாள். இருபத்தாறு இடமும் ஒன்றாகச் சரியாயின. டீச்சரின் கால் தன் பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

“தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்கா யாராவது பண்ணுவாங்களா?” என்ற ஸ்டுடியோக்காரர், கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். “டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்குச் சரிதான். ஆனா அந்தக் குட்டிப் பொண்ணு குதிக்கிறதை இன்னும் கொஞ்சம் காட்டணும்.”

“ஒரு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாதே. யாரோடதுல இருந்து எடுக்க டீச்சர்?” என்று அவள் கேட்டாள்.

“நான் மைக்குல பேசுறேன் பாருங்க, அதுல எடுங்க. அதை யாரு பாக்கப்போறா!”

ஸ்டுடியோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, டீச்சரின் பேச்சைப் பாதியாகக் குறைத்தாள்.