கம்பி தட்டிய இடம்

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுச் சோறு நறநறவென்று பல்லில் கடிபடும். சாத்தான்குளத்துக்குக் கிழக்கே கடல்வரை கிடக்கும் செம்மணல் மேட்டைத் ‘தேரி’ என்போம். ஆடிக்காற்றில் அது கிளம்பிவந்து அடுக்களை, வேதபுத்தகம், மூக்கு என்று பேதம் பார்க்காமல் குடியேறும். ஐப்பசியில் மழை பெய்தால், மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் தண்ணீர் தேங்கி ஏரிபோல் விரியும். அது ‘தருவை’. கோடைக்குள் வற்றிவிடும். நிலமும் நீரும் இப்படி இடம் மாறிக்கொண்டிருப்பதுதான் உலக வழக்கம் என்று, எழுபதுகளின் நடுவில், ஒன்பது வயதான நான் நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் தருவையை ஒட்டிய சரிவில் இருந்தது. காற்றுக்காலம் முடியும்போது கல்லறைகள் மணலுக்கடியில் போயிருக்கும். ஆகவே கல்லறைத் திருநாளன்று வீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பியோடு போய், மணலில் குத்திக் குத்தித் தேடுவார்கள். செங்கல்லில் பட்டு ‘ணங்’ என்று கேட்டால், மணலை விலக்கி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

அந்த வருஷக் கோடையில்தான் என் தம்பி, பதினோரு மாதக் குழந்தை, காய்ச்சலில் இறந்திருந்தான். கணக்கு வாத்தியாரான அப்பா, ஒரு பனையிலிருந்து எட்டு வைத்து நடந்து, நாற்பது எட்டு என்று குழியை அளந்து குறித்துவைத்திருந்தார். தேரியோ பனைகளின் அடியை விழுங்கி, எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஆக்கியிருந்தது. எது அந்தப் பனை என்று தெரியவில்லை. அவர் ஒவ்வொரு பனையாக நின்று எண்ணுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, “சார்வாள், தேரி உங்களுக்கு முந்தியே நடந்து போயிட்டு; இனி நீங்க எட்டு வச்சு என்னத்துக்கு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியது. அம்மா பூவைக் கையில் பிடித்தபடி, கம்பி இறங்கிய ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். “எம்பிள்ளைய எங்கன வச்சேன்னு தெரியாமப் போச்சே” என்றாள், யாரிடமும் அல்லாமல். நான் கம்பியை வாங்கி இரண்டு குத்துக் குத்திவிட்டு, “அம்மா, தட்டுது!” என்றேன். எழுதிப் பிழைக்கப்போகிறவளின் முதல் கதை அது; அதன்பிறகு நான் எழுதிய எதையும் யாரும் அந்த அளவுக்கு நம்பியதில்லை.

அப்பா முழங்கை ஆழம் தோண்டினார். ஒன்றுமில்லை. அதற்குள் அம்மா, “போதும், தோண்டாதிய. பிள்ள உறங்கட்டும்” என்று சொல்லிப் பூவை வைத்துவிட்டாள். இனி தொலையக்கூடாது என்று அந்த இடத்தில் ஆளுயரக் கல்தூண் நடவைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தருவை கரைமீறிப் பெருகி, சரிவின் அடிவாரத்தை அரித்தது. திருநாளன்று அம்மா மேலே தூணடியில் மண்டியிட்டுப் பாடிக்கொண்டிருக்க, நானும் அப்பாவும் கீழே தண்ணீர் மொள்ளப் போனோம். சரிந்த மணலிலிருந்து ஒரு செங்கல் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பூச்சில் தம்பியின் பெயர், புதைத்த அன்று அப்பா ஆணியால் கீறிய எழுத்தில்.

அப்பா குந்தி உட்கார்ந்து எழுத்தைத் தடவினார். மேலே பார்த்தார். பாட்டு நிற்கவில்லை.

“ஏளா, அம்மைட்ட மூச்சு விட்டுராத” என்றார்.

மறுநாள் விடியுமுன்பே பனைமட்டைகளைச் சுமந்துகொண்டு தனியாகப் போய், கரையைத் தடுத்துப் பார்த்தார். மார்வரை நனைந்து சாயங்காலம் திரும்பியவர், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கல்லறையைத் தருவை கொண்டுபோய்விட்டது. எனக்கு அடி விழும் என்று பல நாள் காத்திருந்தேன். அந்த அடி கடைசிவரை விழவில்லை.

இப்போது தேரியை முந்திரிக்காடு கட்டிப்போட்டிருக்கிறது, அது நடப்பதில்லை. கம்பி கொண்டுவருவோரும் இல்லை. தருவைக்குள் உடைமரம் முளைத்து ஆடு மேய்கிறது. அப்பா போய் நெடுநாளாயிற்று. அம்மா போனவருஷம், “என்னைய அவன் பக்கத்துல வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்குக் குழி வெட்ட, தூணருகில் மண்வெட்டியோடு நின்ற இளைஞன் தயங்கினான். “எந்தப் பக்கம் வெட்டட்டும்க்கா? பிள்ள மேல பட்டுரக் கூடாதுல்லா.”

இடதுபக்கத்தைக் காட்டினேன். “பாத்து வெட்டுங்க தம்பி” என்றேன்.