பிரியாணியில் ஊற்றிய ஃபினாயில்

தம்பி மகளின் கறிவிருந்தில் நான் செய்த காரியத்தை இன்னும் என்னாலேயே நம்ப முடியவில்லை. வேறொருத்தி அதைச் செய்திருந்தால், அவளை நானே விளக்குமாற்றால் விளாசியிருப்பேன்.

சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனி கேண்டீனில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். காய் நறுக்குவதில் ஆரம்பித்து, இப்போது மதியச் சாப்பாட்டுக் கவுண்டர் என் பொறுப்பு. அங்கே எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். வீட்டிலிருந்தே வேலை என்று பாதிப் பேர் வராத நாளிலும் முழுச் சமையல்தான். சாம்பார் தீர்ந்துவிட்டது என்று ஒரே ஒரு புகார் போனால் போதும், காண்ட்ராக்டரை வறுத்தெடுத்துவிடுவார்கள். மிஞ்சினால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மிஞ்சியதை நாங்கள் எடுத்துப்போகவும் கூடாது. முன்பு யாரோ கொண்டுபோய்க் கொடுத்த தயிர் சாதத்தால் ஒரு குழந்தைக்கு வாந்தி பேதியாகி, பெரிய பேஜாராகிவிட்டதாம். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: மூன்று மணிக்குக் கவுண்டரை மூடு, மிச்சச் சோறு குழம்பையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோ, மேலே ஃபினாயில் ஊற்று. அதற்கப்புறம்தான் குப்பை வண்டி வரும். முதல் நாள் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடவே பிடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அப்புறம் சீரியல் கதை பேசிக்கொண்டே ஊற்றுவோம்.

தம்பி வீடு திருவிடந்தையில். மகளுக்குப் பொத்தேரிப் பக்கம் சம்பந்தம். கல்யாணத்தன்று ஒரு மானக்கேடு நடந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்தபோது சாதம் தீர்ந்துபோய், பாதிப் பேர் அரை வயிற்றோடு எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அப்போது வாயே திறக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மாமியார் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எங்கள் பெண் போனில் அழுதாள். அதனால்தான் அவர்களுக்கு எங்கள் வீட்டில் போடும் ஞாயிற்றுக்கிழமை கறிவிருந்துக்கு அத்தனை பயந்தோம். தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கேண்டீனையே பாத்துக்கிறவ நீ. இத்தயும் நீதான் பாத்துக்கணும். அவங்க வயிறு ரொம்பி போவணும்க்கா. இல்லன்னா எம்பொண்ணு அங்க வாழ முடியாது."

என்னை நம்பித்தான் சொன்னான். நானும் மார்தட்டிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

வாசலில் சாமியானா போட்டு, பின்பக்கச் சந்தில் சமையல். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் கிளம்பியிருந்தார்கள். ஆண்களும் எங்கள் பெண்ணும் வந்த வேன் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டது. சம்பந்தியம்மாவும் மற்ற பெண்களும் வந்த வேன் கேளம்பாக்கம் தாண்டி டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. ஸ்டெப்னியிலும் காற்றில்லையாம். மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லுங்கள், நாங்கள் மெதுவாக வருகிறோம் என்று போன் வந்தது. அந்த வேனில் வரும் இருபது பேருக்கான பிரியாணியை ஓர் அண்டாவில் தனியாக எடுத்துவைத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினேன். நானேதான் கட்டினேன்.

கடைசிப் பந்தி எழுந்தது. சமையல்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இடத்தைக் கழுவுவதற்காகப் பரிமாறிய பையன்கள் எல்லாப் பாத்திரங்களையும் பின்பக்கம் இழுத்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். விடியற்காலையிலிருந்து நின்று எனக்குக் கால் மரத்துக் கிடந்தது. மணி மூன்று. குளியலறைச் சுவர் மேல் ஃபினாயில் பாட்டில் இருந்தது.

அண்டாவின் துணியை அவிழ்த்தேன். மடித்துக்கூட வைத்தேன். பிறகு ஊற்றினேன். முதலில் ஓரமாகச் சுற்றி, அப்புறம் நடுவில்.

கேண்டீனில் அந்த வாசனை என் மூக்குக்கே தெரியாது. இங்கே புதினா வாசனையோடு கலந்து குப்பென்று ஏறியபோதுதான் எனக்குச் சுரணை வந்தது. அண்டா தம்பி வீட்டு அண்டா. கால் தம்பி வீட்டு மண்ணில் நிற்கிறது. அடிப்பாவி, என்ன செய்துவிட்டேன்? தண்ணீர் எடுக்க வந்த தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே தம்பி வந்தான்.

"இன்னாக்கா பண்ண?"

அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று அவன் பெண்டாட்டி முணுமுணுக்கும்போதே தெருவில் வேன் சத்தம் கேட்டது.

சம்பந்தியம்மா கை கழுவ நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார். தடுக்கப் போன தம்பி பெண்டாட்டியை ஒதுக்கிவிட்டு, அண்டாவுக்கு நேராக வந்து நின்றார். சோற்றின் மேல் ஃபினாயில் வட்டமாகப் படிந்திருந்ததை எட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பல்லிக் கதை சொல்லாமல் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"எந்த கேண்டீன்ல கீற நீ?" என்று கேட்டார்.

சிறுசேரி என்று சொன்னேன். தான் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பதினோரு வருடமாக வேலை செய்வதாகச் சொன்னார். அவர் ஏதோ வேலைக்குப் போகிறார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். "ஓரமா சுத்தி, அப்பால நடுவுல" என்று வெறும் கையைக் காற்றில் சுற்றிக் காட்டினார். நான் ஊற்றிய அதே மாதிரி.

அப்புறம் அவர் ஏன், எப்படி என்று யாரையும் கேட்கவில்லை. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். அரிசியும் முட்டையும் வாங்கிவரச் சொல்லித் தம்பியை அனுப்பினார். தன்னோடு வந்த பெண்களிடம், நாமதான் லேட்டு, சுடச்சுட ஆக்குறாங்க, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு வந்து என் எதிரில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். நாலரை மணிக்கு வெறும் சோறும் முட்டைக் குழம்பும்தான். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். எங்கள் பெண் பரிமாற வந்தபோது சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

எனக்குத்தான் சோற்றைத் தொடவே பிடிக்கவில்லை. வெங்காயம் நறுக்கும்போது அவர் என்னிடம் கேட்டிருந்தார், அங்கே தினமும் எவ்வளவு சோற்றில் ஊற்றுகிறாய் என்று. எட்டு வருடத்தில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"இந்த மாதிரி ரெண்டு அண்டா" என்றேன்.

"எங்க மெஸ்ல மூணு" என்றார். கத்தி அவர் கையில் அப்படியே நின்றது. "ஒரு அண்டாவுக்கு ஒன் தம்பி செத்த பொணம் மாதிரி நின்னுட்டாரு பாத்தியா. அங்க யாருனா நின்னாங்களா? நம்ம நின்னோமா?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். மறுநாள் திங்கட்கிழமை, எங்கள் இரண்டு பேருக்குமே டியூட்டி இருந்தது.