மேடம்ஜியும் நைனாவும்

கார்த்திகாவும் நானும் பருத்திப்பட்டில் ஒரே தெரு. அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா கஜபதி நாற்று நட்ட வயலில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அங்கே அவர்தான் வாட்ச்மேன். அப்பாவை 'நைனா' என்பாள். ஷேர் ஆட்டோக்காரரும் தண்ணி லாரிக்காரரும்கூட அவளுக்கு நைனாதான்.

ஊர் ஊராகச் சுற்றிய நான், கடைசியாக ராஜஸ்தான் பாலைவனத்து கிராமம் ஒன்றில், தாப்பு பாய் என்ற அம்மாவின் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நான்கு மாதம். இந்தி கற்றேன். மணல் கடிபடும் கம்பு ரொட்டி தின்றேன். ஆனாலும் அவர்களுக்கு நான் 'மேடம்ஜி'.

கடைசி வாரம் கார்த்திகா லீவு போட்டு வந்தாள். வந்ததும் தாப்பு பாயின் கணவரிடம், "நைனா, கொஞ்சம் தண்ணி குடு நைனா" என்றாள். இந்தியில் நைனா என்றால் கண்; பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. அவள் தன் பெயரைச் சொல்வதாக அவர் நினைத்துவிட்டார். விடிவதற்குள் ஊருக்கே அவள் நைனா.

அவள் தட்டிய ரொட்டி தாறுமாறாகக் கோணிக்கொண்டு போனது. தாப்பு பாய் கண்ணீர் வரச் சிரித்து, அவள் கையைப் பிடித்துத் தட்டக் கற்றுக்கொடுத்தார். என்னை அடுப்பருகே விட்டதே இல்லை. கிளம்பும்போது அவள் கைநிறைய வளையல். எனக்கு ஒரு கும்பிடு.

தாப்பு பாயின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஊர் திரும்பியதிலிருந்து அந்த அழைப்புக்காகவே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்தது. கார்த்திகாவும் பக்கத்தில் இருந்தாள்.

"மேடம்ஜி, நைனா இருக்கிறாளா? கல்யாணத்துக்கு அவள் கட்டாயம் வர வேண்டும்."

"இன்னாடி சொல்லுது அந்தம்மா?" என்றாள் கார்த்திகா.

"உன்னக் கல்யாணத்துக்கு வரச் சொல்றாங்க."

"ஒன்னிய?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கேளேன்டி! இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற?"

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தாப்பு பாய் சிரித்தார். "நீங்கள் வராமலா, மேடம்ஜி? நைனா பேசுவதை எங்களுக்கு இந்தியில் யார் சொல்வது?"

"இன்னாவாம்?"

"என்னையும்தான் கூப்பிடறாங்க" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

"அப்புறம் இன்னா, டிக்கெட்டப் போடுடி!"

போட்டேன். ஜன்னலோர சீட்டை என் பெயரில் எடுத்துக்கொண்டேன்.