பேச்சாளர் இலக்கம் ஒன்று

போன வருடம் ஆடி மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் நடந்தது இது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, நாற்பத்திரண்டு வயதில் ஸ்பானிய மொழியியல் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "இருக்கிற மூண்டு மொழியும் காணாதாமோ?" என்று கணவர் கேட்டார். நான் அசையவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி முதுகலைக்குப் பதிந்து, வேலைக்குப் போய்க்கொண்டே படித்தேன்.

கடைசியில் ஆய்வேட்டில் வந்து முட்டிக்கொண்டேன். தெற்கு ஸ்பெயினின் கடற்கரை ஊர்களில், சொல்லின் முடிவில் வரும் 'ஸ்' ஒலியை வெறும் காற்றாக விட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சை நேரில் பதிவு செய்து ஆராய வேண்டும். கொழும்பில் அதற்கு ஆளை எங்கே தேடுவது? ஒப்படைக்க மூன்று கிழமைதான் இருந்தது. தவறினால் இரண்டு வருடப் படிப்பும் வீண்.

அந்த நேரத்தில்தான் சாரி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த பெண் தொலைபேசியில் யாரையோ ஸ்பானிய மொழியில் ஏசிக்கொண்டிருந்தாள். சொல் முடிவில் ஒரு 'ஸ்' கூட இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். போர் நடந்த வன்னியில் பிறந்து வளர்ந்தவள். தெற்கு ஸ்பெயினில் ஆறு வருடம், கண் தெரியாத ஒரு வயதான அம்மாவைப் பராமரித்திருக்கிறாள். வகுப்பும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்த அம்மாவோடு கதைத்துக் கதைத்தே படித்தாளாம். அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்த என் மொழியைவிட அவளுடையது பத்து மடங்கு உயிரோடு இருந்தது. கேட்கக் கேட்க எனக்கு வியப்பு. கொஞ்சம் பொறாமையும்தான்.

கேட்டதும் சம்மதித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். எதிரொலி வராமல் படுக்கையறைச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஃபானை நிறுத்தி, கடற்கரை ரயில் போகும் நேரங்களையும் குறித்து வைத்திருந்தேன். இருவரும் வியர்வையில் குளித்தோம். ஆனால் மைக்கைக் கண்டதும் அவள் செய்தி வாசிப்பவர் மாதிரித் திருத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். விடுபட வேண்டிய 'ஸ்' எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

எங்கள் துறையில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. சாகப்போகிறேன் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா என்று கேட்பது. சொல்லும் வேகத்தில் ஆள் மைக்கை மறந்துவிடும், இயல்பான பேச்சு வந்துவிடும். பாடத்தில் படித்தபடியே கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று ஒரு கணம் யோசிக்கவில்லை.

 அவள் மெதுவாக ஸ்பானிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். நான் காதில் ஹெட்போனுடன், விடுபட்ட ஒவ்வொரு 'ஸ்'க்கும் கொப்பியில் ஒரு கோடு கீறினேன். பக்கம் நிறைந்தது. ஆய்வேடு தப்பிவிட்டது என்ற சந்தோஷம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் நிறுத்தினாள். தமிழுக்கு மாறினாள்.

"அக்கா, நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

 அவள் கொப்பியை எட்டிப் பார்த்து, இந்தக் கோடெல்லாம் என்ன என்று கேட்டாள். விளக்கினேன். சொல்லச் சொல்ல நாக்குக் கூசியது.

"அப்ப நான் சொன்னதைக் கேக்கேல்லையோ?"

"இல்லை. பிழை விட்டிட்டன். இப்பவே அழிச்சு விடுறன்."

"ஒருக்காக் கேட்டிட்டு அழியுங்கோ அக்கா. தமிழிலை இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்கு மட்டுந்தான் சொன்னனான்."

கோபம் இல்லை. கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

மாலையில் பேனையைத் தொடாமல் கேட்டேன். பதுங்குகுழி. பதினான்கு வயதில் அவள். மடியில் காயப்பட்ட தங்கை. தங்கை தண்ணீர் கேட்டிருக்கிறாள். ஷெல் ஓயட்டும் என்று இவள் காத்திருந்து, ஓய்ந்ததும் ஓடிப்போய்த் தண்ணீரோடு திரும்பியபோது, கேட்டவள் உயிரோடு இல்லை. அந்த இடத்தில்தான் அவள் நிறுத்தியிருந்தாள்; அங்கேதான் நான் சிரித்திருக்கிறேன். போரின் அந்தக் கடைசி மாதங்களில் நான் இதே வீட்டிலிருந்து ஒழுங்காக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவள். வெட்கத்தில் அழுதேன். பிறகு பதிவை அழித்து, கோடு கீறிய பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

கேட்டேன், அழித்துவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு பதிவு வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது. படிப்பைக் கைவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

வியாழக்கிழமை அவளே அழைத்தாள். "கேட்டனீங்கள்தானே அக்கா, அது காணும். ஞாயிற்றுக்கிழமை வாறன். இந்த முறை சிரிக்கிற கதை. நல்லாச் சிரியுங்கோ."

வந்தாள். அந்த அம்மாவுக்கு முதன்முதலில் எங்கள் மீன்குழம்பைக் கொடுத்து ஏச்சு வாங்கிக் கட்டிய கதையை ஒன்றரை மணித்தியாலம் சொன்னாள். மைக் இருப்பதையே மறந்துவிட்டாள். நான் கோடு கீறவில்லை. வயிறு நோகச் சிரித்தேன். எண்ணுவதெல்லாம் அவள் போன பிறகுதான்.

ஆய்வேடு தேறியது. பெயர் போடக்கூடாது என்பது பல்கலைக்கழக விதி. அதனால் என் வாழ்க்கையில் நான் கண்ட பெரிய மனசுக்காரி அதில் 'பேச்சாளர் இலக்கம் ஒன்று' என்றுதான் இருக்கிறாள். அழித்த பதிவில் எத்தனை 'ஸ்' விடுபட்டிருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது; ஆனால் இன்றைக்கும் யாராவது என்னிடம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், தண்ணீர் கேட்ட அந்தச் சிறுமி நினைவுக்கு வருகிறாள், நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.