தலைகீழாக விரிந்த கொடி

புதுக் கொடித்துணிக்கு ஒரு வாசம் உண்டு. கஞ்சியும் சாயமும் கலந்து, கடை அலமாரியின் புழுக்கமும் சேர்ந்து, பிரித்த உடனே தும்மலை வரவழைக்கிற வாசம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்துக் கடையில் அம்மா அதை வாங்கிவந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிக்கும்போது, நான் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு முழங்காலாலேயே நகர்ந்து போய் அதன் ஓரத்தில் மூக்கை வைப்பேன். "கொடியை மோந்து பாக்குற ஒரே ஆளு நீதான்டி" என்பாள் அம்மா.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள், தவறாகவும் ஊகிப்பீர்கள், அதுவும் நல்லதுதான்.

அம்மா அந்தக் கட்சியில் எங்கள் வட்டத்தின் மகளிரணிப் பொறுப்பில் இருந்தாள். கட்சிக்காரர்கள் ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் பதவியைச் சொல்லியே அழைப்பது எனக்குத் தீராத வியப்பாக இருந்தது. வட்டச் செயலாளர் "வட்டம்", மாவட்டச் செயலாளர் "மாவட்டம்". "மாவட்டம் சாப்பிட்டாச்சா?", "வட்டத்துக்குக் காய்ச்சலாம்" என்று கூடத்தில் பேச்சு நடக்கும்போது, சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிற மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நெடுநாள் குழம்பியிருக்கிறேன். அம்மா மட்டும் எல்லோருக்கும் "செல்வியக்கா"தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும், பெரியாஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில்தான் குரல் கேட்கும். மன்னார்புரத்தில் ஒரு லாரி பட்டறையில் வேலை பார்த்த அப்பா, தனக்குத் தானே காப்பி போட்டுக்கொண்டு, "உங்கம்மா கட்சியில இருக்கா, நாமதான் வீட்டுல இருக்கோம்" என்று என்னிடம் கண்ணடிப்பார்.

கொடி கட்டுவது அம்மாவின் வேலை. அதை ஏற்றுவது வேறொருவரின் வேலை. தெருமுனைக் கொடிமேடையில் எந்த விழா என்றாலும் இதுதான் வழக்கம். அம்மா கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் உதிரி ரோஜாவும் சாமந்தியும் வைத்துச் சுருட்டி, கயிற்றால் ஒரு சுருக்கு முடிச்சுப் போடுவாள். இறுகிவிட்டால் உச்சியில் போய்த் திறக்காது, தளர்ந்துவிட்டால் பாதியிலேயே பூவைக் கொட்டிவிடும். மேல் நிறம் மேலே இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள், ஏனென்றால் கொடி தலைகீழாகப் பறந்தால் அது எதிர்க்கட்சிக்காரன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிற அவமானம். பூ வைப்பது என் பங்கு.

"கட்டுறது நீ, இழுக்கறது அவங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இழுக்கறதுக்கு யாரு வேணா வருவாங்க. கட்டுறதுக்குத்தான் ஆள் கிடையாது" என்றாள். பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகவா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

நான் கொடியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கிற பிள்ளை. கயிறு இழுபடும்போது எல்லா முகமும் மேலே போகும், பூ கொட்டியதும் எல்லா முகமும் இறங்கிவந்து இழுத்தவரிடம் நிற்கும், கைதட்டல் எழும். மேடைக்குப் பின்னால் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவிடம் ஒரு முகமாவது போகிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடுவேன். போனதில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வார்டு பெண்கள் வார்டாக மாறியது. செய்தி வந்த அன்றே குழாயடியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், செல்வியக்காதான் கவுன்சிலர் என்று. அம்மா "மேலிடம் சொல்லட்டும்" என்று வெளியே சொன்னாலும், விருப்ப மனு கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று அடிக்குரலில் பேசிப் பார்ப்பதை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். கட்சிக் கரை போட்ட புடவைக்குப் பொருத்தமாக ஒரு ரவிக்கையும் தைக்கக் கொடுத்தாள். அவள் எதற்காவது இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முடிவைச் சொல்ல வட்டமே இனிப்புப் பெட்டியோடு வந்தார். வேட்பாளர், அவருடைய மனைவி பரிமளா. கட்சிக் கூட்டம் எதிலும் யாரும் பார்த்திராத, கோயிலுக்குப் போனால் தலைகுனிந்து திரும்புகிற ஒரு பெண்மணி. "மாவட்டம் எடுத்த முடிவு, செல்வி. நீங்கதான் கூட நின்னு ஜெயிக்க வைக்கணும்" என்றார் வட்டம். அம்மா இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டாள், அவர் போகிறவரை சிரித்த முகமாகவே இருந்தாள், பிறகு பெட்டியைத் திறக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்பா அவளுக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "விட்டுடேன், செல்வி" என்றார்.

"விட்டுட்டு? நாளைக்குக் குழாய்க்கு யாரு போவா?" என்றவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பிரசாரத்தைக் கொடியேற்றித் தொடங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வேட்பாளரே ஏற்றுவது, மாவட்டமே வந்து தொடங்கிவைப்பது என்று ஏற்பாடு. அன்று மதியம் பரிமளா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "எதைப் பிடிச்சு எப்படி இழுக்கணும்க்கா? எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார். "கயிறைக் கையில குடுப்பேன், இழுங்க, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. பூ வைக்க நான் நகர்ந்து வந்தபோது, "நீ போய்ப் படி" என்று என்னை விலக்கிவிட்டு, பூத்தட்டைப் பரிமளாவிடம் தள்ளினாள். என் வேலை பறிபோன கோபத்தில் நான் எதையும் கவனிக்கவில்லை. மடித்தது அம்மா, பூ வைத்தது பரிமளா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாலையில் தெருமுனை நிரம்பியிருந்தது. பரிமளா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கொடி சரசரவென்று உச்சிக்குப் போய், சுருக்கு அவிழ்ந்து, பூ கொட்டியது. கைதட்டல் எழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. கொடி தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது.

எதிர்ப் பக்கத்து டீக்கடையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். மாவட்டத்தின் முகம் கறுத்துப் போனது. "யாரு கட்டினது?" என்றார். நான் அப்போதும் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்து இறங்கிய அத்தனை முகமும், அந்தத் தெருவிலேயே முதல் முறையாக, மேடைக்குப் பின்னால் நின்ற அம்மாவை நோக்கித் திரும்பின. சீட்டுக் கிடைக்காத ஆத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அம்மாவின் பொறுப்பு போயிற்று, கட்சியே போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் கேட்டது.

"நான்தாங்க கட்டினேன். முதல் தடவை நாமளே கட்டலாம்னு ஆசைப்பட்டு அக்காகிட்ட வாங்கிக் கட்டினேன். மேலு கீழு தெரியாமப் போச்சு."

பரிமளா பொது இடத்தில் பேசிய முதல் வாக்கியங்கள் அவைதான். மாவட்டம் ஒரு கணம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "புது வேட்பாளர், கத்துக்குவாங்க" என்றார். கூட்டமும் சிரித்தது. அம்மா கொடியை இறக்கி, சரியாகக் கட்டிக் கொடுத்தாள். அம்மா செய்ததென்றால் துரோகம், வட்டத்தின் மனைவி செய்ததென்றால் வேடிக்கை என்கிற கணக்கு எனக்குப் புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை அதிசயம். அதுவரை கடமைக்குத் துணை நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, மறுநாள் காலை அந்தப் புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பரிமளாவின் கையைப் பிடித்துத் தெருத் தெருவாக நடந்தாள். எந்த வீட்டில் மருமகளிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் மாமியாரிடம் பேச வேண்டும் என்று காதில் ஓதிக்கொண்டே போனாள். பரிமளா ஜெயித்தார். முதலில் வட்டம்தான் கவுன்சிலர் போல நடந்துகொண்டார், போன் பேசுவதும் அவர்தான், அதிகாரிகளைப் பார்ப்பதும் அவர்தான். கொஞ்ச நாளில் இரண்டு பெண்களும் குடையை விரித்துக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்குத் தாமாகவே போய்வர ஆரம்பித்தார்கள். எங்கள் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்த காலம் அதுதான். அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாகிவிட, வட்டமே நின்றார். அம்மாவின் பெயரை அதற்குப் பிறகும் யாரும் எழுதவில்லை.

கொடியைப் பற்றி மட்டும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கல்லூரி போகும்போது கேட்டேன், கல்யாணத்துக்கு முதல் வாரம் கேட்டேன். "அவதான் கட்டினேன்னு சொன்னாளே" என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்போது அம்மா என்னோடு இதே திருச்சியில், கே.கே. நகரில் இருக்கிறாள். பொது இடத்துக் கொடிக்கம்பங்களை எல்லாம் எடுக்க உத்தரவு வந்திருப்பதாகத் தெரிந்ததும், "நம்ம தெருமுனைக் கம்பத்தை ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கம்பத்தைச் சாய்த்து முடித்திருந்தார்கள். மேடையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பல வருஷ பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து, ஒவ்வொரு உடைசலிலும் அந்த இரண்டு நிறங்கள் தெரிந்தன. பரிமளா அத்தையும் முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இத்தனை காலம் கேட்டதை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு ஏன்க்கா அப்படிக் கட்டினீங்க?"

அம்மா உடைகிற மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தனை வருஷம் கட்டினேன், பரிமளா. ஒரே ஒரு தடவை எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கட்டும்னு தோணுச்சு. கட்சியை விட்டே அனுப்பினாலும் பரவாயில்லைன்னுதான் கட்டினேன்."

"பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்க? திரும்பினவங்களைத்தான் நீ உன் பக்கம் இழுத்துக்கிட்டியே" என்றாள் அம்மா.

பரிமளா அத்தைக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கும் வந்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர அந்தத் தெருமுனையில் நின்று சிரித்தார்கள். வேலையாட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள், ஸ்கூட்டரில் போனவர்கள்கூட வேகத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் பழைய வழக்கப்படி முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நிமிர்ந்து பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லாததால், எல்லா முகமும் அம்மாவிடம்தான் இருந்தது.